குழந்தைக்கு நயமான துணி எடுப்பது: மதுரைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளைக்கு அழகாக உடுத்திப் பார்க்கும் ஆசை உள்ள அம்மா அப்பாக்களுக்காக எழுதியது இது. பிறந்த குழந்தையிலிருந்து ஆறேழு வயது வரை, கொஞ்சம் விலை கூடிய, நல்ல வேலைப்பாடு உள்ள உடுப்புகளைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களைச் சொல்லியிருக்கிறேன்.

வளர்ற பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு விலையில் துணி என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

கேட்பது நியாயம்தான், கோபப்பட வேண்டாம். ஆனால் இந்த ஆசையை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கையில் காசு இறுக்கமாக இருக்கும் வீட்டில்கூட தீபாவளிக்கு முதலில் எடுப்பது பிள்ளைக்குத்தான். தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்கிற அப்பத்தாதான் பேத்தியின் பாவாடைக்கு எந்தக் கரை என்று அரை மணி நேரம் கடையில் நிற்பார். அந்த ஆசைதான் இதுவும்.

பாரிஸில் ழான் லான்வின் என்ற தொப்பிக் கடைக்காரர் 1897-ல் பிறந்த தன் மகள் மார்கரீத்துக்கு விதவிதமாக உடுப்பு தைத்துப் போட்டார். கடைக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டு எங்கள் பிள்ளைக்கும் இதே மாதிரி வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். 1908-ல் குழந்தை உடுப்புக்கென்றே தனிப் பிரிவு வைத்தார். பெரியவர்களுக்கான உடைகள் அதற்குப் பிறகுதான் வந்தன. இன்றும் லான்வின் நிறுவனத்தின் சின்னத்தில் இருப்பது ஒரு தாயும் மகளும்தான். ஒரு தாயின் ஆசையிலிருந்தே உலகின் பெரிய ஃபேஷன் வீடுகளில் ஒன்று வளர்ந்திருக்கிறது.

வீட்டில் சொல்ல வேண்டிய பதில் எண்ணிக்கையில் இருக்கிறது. சுமாரான ஆறு ஃபிராக் எடுக்கும் பணத்தில் நல்லதாக இரண்டு எடுங்கள். மற்ற நாளுக்கு சாதாரண பனியன் துணி போதும். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ எடுக்கக் கூடாது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

விலை கூடினால் தரமும் கூடும் என்று நம்பலாமா?

நம்பக் கூடாது. கடையில் முன்பக்கத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். நீங்கள் உடுப்பின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

முதலில் பக்கவாட்டுத் தையல். வெட்டிய விளிம்பில் நூல் பிரியாமல் இருக்க வெறும் ஓவர்லாக் தையல் போட்டு நூல் நீட்டிக்கொண்டு இருக்கிறதா, இல்லை விளிம்பே தெரியாமல் மடித்து உள்ளே வைத்துத் தைத்திருக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டாவது வகையை ஃபிரெஞ்ச் தையல் என்பார்கள். ஒரே இடத்தை இரண்டு முறை தைக்க வேண்டும், நேரம் பிடிக்கும், விலை ஏறும். ஆனால் குழந்தையின் விலாவில் உராயாது. அந்த விலைக்கு அர்த்தம் இருக்கிறது.

அடுத்து கட்டமோ கோடோ போட்ட துணியாக இருந்தால், இரண்டு துண்டும் சேரும் இடத்தில் கோடு கோட்டோடு சேர்கிறதா பாருங்கள். அப்படிச் சேர்க்கத் துணி அதிகம் வீணாகும். அவசரத்தில் தைக்கும் இடத்தில் அதைச் செய்ய மாட்டார்கள். இந்த ஒன்றை வைத்தே தைத்தவரின் மனதைச் சொல்லிவிடலாம் என்பேன்.

அப்புறம் காஜா, அதாவது பட்டன் நுழையும் துளை. விரலால் தடவினால் நெருக்கமாக, ஒரு நூலும் பிரியாமல் இருக்க வேண்டும். பட்டனைப் பிடித்து லேசாக இழுங்கள், ஆடக் கூடாது. முதுகு ஜிப்பின் உள்பக்கம் ஒரு துணிப்பட்டை வைத்திருந்தால் தோலில் பல் படாது. கழுத்துக்குப் பின்னால் உள்ள லேபிள் கரடுமுரடாக இருக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள். எம்ப்ராய்டரி இருந்தால் அதன் பின்புறத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்கே குத்தினால் பிள்ளைக்குக் கண்டிப்பாகக் குத்தும்.

கடைசியாகக் கீழ் மடிப்பு. இரண்டு மூன்று அங்குலம் உள்ளே மடித்து எம்மிங் செய்திருந்தால் அது நல்ல உடுப்பு. அரை அங்குலத்தில் மிஷின் ஓட்டி முடித்திருந்தால் அடுத்த வருஷத்துக்கு அதில் இடம் இல்லை.

வெளிநாட்டு பிராண்டுகள் அந்த விலைக்குத் தகுமா?

சிலது தகும். பெத்தி பத்தோ என்ற பிரெஞ்சு நிறுவனம் 1893-லிருந்து இருக்கிறது. பருத்திப் பின்னல் உடுப்பில் பெயர் வாங்கியது. பான்புவான் 1975-ல் பாரிஸில் தொடங்கியது, அதன் வெட்டும் நிறமும் அடக்கமான அழகு. குழந்தைகளுக்கான டியோர் கடையை 1967-ல் மொனாக்கோ இளவரசி கிரேஸ் திறந்துவைத்தார். இந்த வகை உடுப்புகளில் வெட்டு, நிறச் சேர்க்கை, தையல் மூன்றையும் பார்த்துக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

நெஞ்சு முழுக்கப் பெயர் எழுதிய பனியனுக்கு மட்டும் பெரிய தொகை கொடுக்காதீர்கள். அதில் நீங்கள் வாங்குவது எழுத்தை, துணியை அல்ல. கம்பளி, வெல்வெட், உள்ளே பஞ்சு வைத்த கோட்டெல்லாம் நம் ஊருக்கு ஆகாது. அவர்கள் கோடைக்கென்று விடும் லினன், மெல்லிய பருத்தி வகைகள் நமக்குப் பன்னிரண்டு மாதமும் ஆகும். சீசன் முடிந்து தள்ளுபடியில் வரும்போது எடுப்பது புத்திசாலித்தனம்.

ஐரோப்பிய உடுப்புகளில் 86, 92, 98, 104 என்று இருக்கும் எண், குழந்தையின் உயரம் சென்டிமீட்டரில். வயதைப் பார்க்காமல் உயரத்தை அளந்து எடுங்கள். நம் பிள்ளைகள் பலருக்கு உயரம் சரியாக இருந்தாலும் இடுப்பு லூசாக இருக்கும். அதனால் இடுப்புக்குள் பட்டன் வைத்த இலாஸ்டிக் உள்ள பேண்ட், ஸ்கர்ட் நல்லது, இழுத்து மாட்டிக்கொள்ளலாம்.

மதுரை வெயிலுக்கு எந்தத் துணி?

சித்திரை, வைகாசியில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும். கைக்குழந்தையின் வியர்வைத் துவாரங்கள் இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், வேர்க்குரு வரும். அதனால் முதல் இடம் மெல்லிய பருத்தியான மல் துணிக்கு. நல்ல மல் துணியைக் கையில் பிடித்தால் விரல் நிழல் தெரியும். இரண்டு அடுக்காக வைத்துத் தைத்தால் மறைவும் ஆச்சு, காற்றும் ஆச்சு. அடுத்தது கைத்தறிப் பருத்தி, பிறகு லினன். லினன் கசங்கும்தான், கசங்கிய லினனும் அழகுதான்.

கடைகளில் கண்ணாடிக்குள் மாட்டியிருக்கும் பார்ட்டி ஃபிராக்குகளில் பெரும்பாலானவை மேலே நெட், நடுவே விரிந்து நிற்க வைக்கும் விறைப்பான கேன்கேன், உள்ளே பாலியஸ்டர் லைனிங். பார்க்க இளவரசி உடுப்பு மாதிரி இருக்கும். மண்டபத்தில் ஏசி இல்லையென்றால் கால் மணி நேரத்தில் பிள்ளை அழும். ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால் டெய்லரிடம் கொடுத்து லைனிங்கை மட்டும் பிரித்துப் பருத்தியில் மாற்றச் சொல்லுங்கள். கேன்கேனின் இடுப்பு விளிம்பில் ஒரு பருத்திப் பட்டை வைக்கச் சொல்லுங்கள். சின்னச் செலவுதான்.

துணியில் சேர்ந்த ரசாயனத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் லேபிளில் ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 என்ற சோதனைச் சான்று இருக்கிறதா பாருங்கள். அதில் முதல் வகுப்பு மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கானது, சோதனை அளவுகள் அதில்தான் மிகக் கடுமை. இயற்கை முறைப் பருத்திக்கு ஜி.ஓ.டி.எஸ். முத்திரை. முழு ‘ஆர்கானிக்’ என்று அந்த முத்திரையோடு போட வேண்டுமானால் குறைந்தது 95 சதவீத நார் அப்படி விளைந்ததாக இருக்க வேண்டும். வெளிநாட்டுக்குப் போகும் அந்த வகை உடுப்புகளில் நிறைய நம் திருப்பூரில் தைப்பவை.

எவ்வளவு நாள் போட முடியும்? பெரிய அளவாக எடுத்துவிடலாமா?

பிறக்கும்போது சுமார் 50 சென்டிமீட்டர் இருக்கும் குழந்தை ஒரு வயதில் 75-ஐ நெருங்கும். இரண்டாம் வருஷம் இன்னும் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கூடும். மூன்று வயதுக்கு மேல் வருஷத்துக்கு ஐந்தாறுதான். ஆகவே முதல் வருஷம் விலை கூடிய துணியைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஒன்றிரண்டு போதும். மூன்று வயதுக்குப் பிறகு எடுக்கும் நல்ல உடுப்பு ஒன்றரை, இரண்டு வருஷம் தாராளமாக வரும். ஆசையைக் காட்ட வேண்டிய வயது அதுதான்.

தொளதொளவென்று எடுப்பது மட்டும் வேண்டாம். எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் தோள் இறங்கி நின்றால் அழகு போய்விடும். தோளும் கழுத்தும் இன்றைய அளவுக்கு இருக்கட்டும், நீளத்தில் மட்டும் இடம் விடுங்கள். நம் பட்டுப்பாவாடைக்கு அந்தக் காலத்திலிருந்தே கீழே இரண்டு மூன்று டக், அதாவது மடிப்பு, பிடித்துத் தைப்பார்கள். வருஷத்துக்கு ஒரு டக்காகப் பிரித்துவிட்டால் பிள்ளையோடு பாவாடையும் வளரும். எந்த ஃபிராக்குக்கும் இதைச் செய்யலாம், டக்கே ஒரு அலங்காரக் கோடு மாதிரி இருக்கும். நெஞ்சில் ஸ்மாக்கிங் வைத்த ஃபிராக்கும் இப்படித்தான். துணியைச் சின்னச் சின்னதாகச் சுருக்கி மேலே நூல் வேலை செய்திருப்பதால் இழுத்தால் விரியும், பிள்ளை பருத்தாலும் கொடுக்கும். கையால் ஸ்மாக்கிங் செய்த உடுப்பு கிடைத்தால் விலை பார்க்காமல் எடுக்கலாம் என்பது என் கருத்து.

மதுரையில் எங்கே எடுப்பது, யாரிடம் தைப்பது?

ரெடிமேடு வேண்டுமென்றால் அண்ணா நகர், கே.கே. நகர், பைபாஸ் ரோடு பக்கம் ஒரு சுற்று போதும். எனக்கு அதைவிடப் பிடித்தது துணி எடுத்துத் தைப்பது. விளக்குத்தூணைச் சுற்றியும் தெற்கு மாசி வீதியிலும் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் கடைகள் இருக்கின்றன. காலையில் கூட்டம் வருவதற்குள் போய்விடுங்கள். துணியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நிறம் பாருங்கள். பன்னா, அதாவது துணியின் அகலம், எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள், அகலப் பன்னாவாக இருந்தால் சின்னப் பிள்ளை ஃபிராக்குக்கு ஒன்றேகால் மீட்டரிலேயே முடிந்துவிடும்.

மதுரைக்காரர்கள் கையில் வைத்துக்கொண்டே மறந்துபோகும் ஒரு துணி சுங்குடி. சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நூலால் முடிச்சுப் போட்டுச் சாயம் முக்கி எடுத்தது, புவிசார் குறியீடு பெற்றது. கடைகளில் சுங்குடி என்று கிடைப்பதில் நிறைய அச்சடித்தவை. கை முடிச்சுச் சுங்குடியில் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, முடிச்சு இருந்த இடத்தில் துணி லேசாகக் குவிந்திருக்கும், பின்பக்கத்திலும் புள்ளி தெரியும். அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்து, உடம்புப் பகுதியில் ஃபிராக், கரையில் கழுத்துப்பட்டையும் கீழ் பார்டரும் வைத்துத் தைத்துப் பாருங்கள். பாரிஸில் இருக்கும் எந்தக் கடையிலும் அப்படி ஒன்று இருக்காது. முதல் முறை தனியாக உப்புத் தண்ணீரில் அலசுங்கள், அடர்ந்த நிறங்கள் கொஞ்சம் சாயம் விடும்.

மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தில் தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டு உட்கார்ந்திருந்த டெய்லர்களைத் தெரியாதவர்கள் ஊரில் இருக்க முடியாது. அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கின்றன. எந்த டெய்லராக இருந்தாலும் போனில் படம் காட்டுவது மட்டும் போதாது. பிள்ளைக்கு நன்றாகப் பொருந்தும் பழைய உடுப்பு ஒன்றை அளவுக்குக் கொடுங்கள். ஓவர்லாக் வேண்டாம், உள்ளே மடித்துத் தையுங்கள், கூலி கூடக் கொடுக்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழந்தைத் துணி சின்னது என்பதால் கூலியைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. தைப்பவருக்குத் தெரியும், சின்னக் கழுத்தைத் திருப்புவது பெரிய கழுத்தைவிடக் கஷ்டம்.

காதுகுத்துக்குத் தாய்மாமன் துணி கொண்டுவருவார். நாங்கள் ஆசையாக எடுத்ததை எப்போது போடுவது?

நம் பக்கம் தாய்மாமன் சீர் என்பது மேளம், தாம்பாளத் தட்டுகளோடு ஊர் பார்க்க வரும் விஷயம். காது குத்தும்போது பிள்ளை மாமன் எடுத்த துணியில், மாமன் மடியில்தான் இருக்க வேண்டும். அதில் கை வைக்காதீர்கள், நிறம் பிடிக்கவில்லை என்று முகம் சுளிக்கவும் வேண்டாம். உங்கள் ரசனைப்படி வேண்டுமென்றால் துணி எடுக்கப் போகும்போதே, “அண்ணே, நானும் வர்றேன், சேர்ந்து பார்ப்போம்” என்று கூடப் போய்விடுங்கள். சந்தோஷமாகக் கூட்டிப் போவார்.

எடுக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். குத்திய காதில் உரசி, தலைவழியாகக் கழற்றுகிற உடுப்பு கூடாது. முன்பக்கமோ முதுகிலோ முழுதாகத் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். மொட்டை போட்டுத் தலையில் சந்தனம் தடவியிருப்பதால் உயரமான காலரும் வேண்டாம். சாமி கும்பிட்டு, பிள்ளை தூங்கி எழுந்து, பந்தி நடக்கும் நேரத்தில் நீங்கள் எடுத்ததை மாற்றிவிடுங்கள். படம் எடுக்கவும் அதுதான் நல்ல நேரம், அழுத கண் தெளிந்திருக்கும்.

பட்டுப்பாவாடை அசல் பட்டா என்று எப்படித் தெரியும்?

அசல் பட்டுக்கான சான்றாகிய சில்க் மார்க் அட்டை இருக்கிறதா பாருங்கள். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிப் பற்றவைத்தால் பட்டு, முடி கருகும் வாசனையோடு பொடியாகிவிடும். பாலியஸ்டர் உருகி உருண்டையாக நிற்கும். ஜரிகையில் அசல் என்பது பட்டு நூலில் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியது. சின்னப் பிள்ளைக்கு அது கட்டாயம் என்று நான் சொல்ல மாட்டேன், கரை அகலமாக இருந்தால் கனக்கும். ஒல்லிக் கரை, நல்ல பட்டு, உள்ளே மல் லைனிங். அது போதும், அதுதான் அழகும்கூட. அம்மாவின் பழைய பட்டுச்சேலையில் கிழியாத பகுதியை வெட்டித் தைத்தால் இன்னும் மென்மையாக இருக்கும்.

மஞ்சள், மை, எண்ணெய் எல்லாம் பட்டுவிடுகிறதே?

புதுத்துணிக்கு மஞ்சள் வைப்பதை நிறுத்தச் சொல்லிப் பெரியவர்களிடம் சண்டை போட வேண்டாம். வெளியே தெரியும் மூலையில் வைப்பதற்குப் பதில் உள்மடிப்பில் வையுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வேறு எங்காவது மஞ்சள் பட்டுவிட்டால், சோப்புப் போட்டதும் சிவப்பாகும். பயப்படாதீர்கள், அலசி நல்ல வெயிலில் போட்டால் மஞ்சள் நிறம் வெளுத்துவிடும். இது பருத்திக்கு மட்டும். பட்டுத்துணியை வெயிலில் போடக் கூடாது.

கண்மை எண்ணெய்ப் பசை உள்ளது. தண்ணீர் படுவதற்கு முன் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை ஒரு சொட்டு விட்டு ஒற்றி எடுங்கள், தேய்த்தால் பரவும். தேங்காயெண்ணெய்க்கு முகப்பவுடர் தூவிச் சற்று நேரம் விட்டுத் தட்டுங்கள். பால், ஐஸ்கிரீம், ஜிகர்தண்டா எது சிந்தினாலும் முதலில் பச்சைத் தண்ணீர். வெந்நீர் ஊற்றினால் கறை இறுகிவிடும். வாழைக்கறை பட்டால் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

பையன்களுக்கு எல்லாமே ஒரே மாதிரி இருக்கிறதே?

ரெடிமேடில் அப்படித்தான். ஆளுயர ஷெர்வானியைச் சின்னதாக்கி விற்கிறார்கள், பிள்ளை நடக்கவே திணறும். கைத்தறியில் குட்டை காலர் சட்டை, முழங்கால் வரை லினன் டிரவுசர், தேங்காய் ஓட்டுப் பட்டன். விசேஷம் என்றால் ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டி. இவ்வளவு இருந்தால் பையன் ராஜா மாதிரி இருப்பான்.

எதையெல்லாம் ஆபத்து என்று தவிர்க்க வேண்டும்?

கழுத்தில் கட்டும் நாடா, தொங்கும் கயிறு, பிய்ந்து வரும் மணி, ஊக்கு. கடையில் பார்வைக்கு வைப்பதற்காகக் குத்திய ஊசி உள்ளே இருக்கலாம், போடுவதற்கு முன் கையால் முழுதும் தடவிப் பாருங்கள். மூன்று வயதுக்குக் கீழ் ஒட்டுக்கல் வேலைப்பாடே வேண்டாம், பிய்த்து வாயில் போடும்.

பிள்ளை போட மாட்டேன் என்று அழுதால்?

கழற்றிவிடுங்கள். எங்கோ குத்துகிறது, இறுக்குகிறது, சொல்லத் தெரியவில்லை. அடுத்த நாள் வீட்டில் சும்மா ஒரு மணி நேரம் போட்டு விளையாட விடுங்கள், எங்கே கையைக் கொண்டுபோகிறது என்று கவனித்தால் இடம் தெரிந்துவிடும். மூன்று வயதுக்கு மேல் இரண்டைக் காட்டி எது வேண்டும் என்று கேளுங்கள். அழுக்காகும், ஓடாதே, உட்காராதே என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டியிருக்கிற உடுப்பு பிள்ளைக்கு உடுப்பே இல்லை. மண்ணில் உட்காரட்டும். துவைத்துக்கொள்ளலாம்.

ஜி.எஸ்.டி. எவ்வளவு?

2025 செப்டம்பர் 22 முதல் ஒரு உடுப்பு 2,500 ரூபாய் வரை என்றால் 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். 2,400 ரூபாய் ஃபிராக்குக்கு வரி 120, 2,600 ரூபாய் ஃபிராக்குக்கு 468. மீட்டரில் எடுக்கும் துணிக்கு 5 சதவீதம்தான், துணி எடுத்துத் தைப்பதில் இந்த லாபமும் உண்டு.

முதல் குழந்தை பிறக்கப்போகிறது. முன்கூட்டியே என்ன எடுத்து வைக்கலாம்?

பல வீடுகளில் பிறப்பதற்கு முன் புதுத்துணி எடுக்க மாட்டார்கள். அந்த வழக்கத்தோடு மோத வேண்டாம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன அம்மாச்சியின் பருத்திச் சேலை, பழைய வேட்டி இவற்றைவிடப் பிறந்த தோலுக்கு ஏற்ற துணி விலைக்குக் கிடைக்காது. முதல் மாதத்துக்குப் பக்கவாட்டில் முடிச்சுப் போடும் மல் சட்டைகள் சிலதை அந்தச் சேலையிலேயே தைத்து வைத்துக்கொள்ளலாம். தையலை வெளிப்பக்கமாக வரும்படி தைக்கச் சொல்லுங்கள். பேர் வைக்கும் நாளுக்கு ஒரே ஒரு நல்ல உடுப்பு, அதைக் குழந்தை பிறந்த பிறகு அளவு பார்த்து எடுங்கள்.

அக்கா, நாத்தனார் வீட்டிலிருந்து பெட்டியில் வைத்திருந்த பிள்ளைத் துணி வந்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அந்துருண்டை போட்டு வைத்த துணியை அப்படியே போட்டுவிடக் கூடாது. ஜி6பிடி என்ற நொதி (என்சைம்) குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்துருண்டையில் இருக்கும் நாஃப்தலீன் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். பிறந்த குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருப்பது பரிசோதிக்காமல் தெரியாது. அதனால் அந்துருண்டை வாசனை வரும் துணியைக் கைக்குழந்தைக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. நீங்கள் எடுத்து வைக்கும் பட்டுக்கும் அந்துருண்டைக்குப் பதில் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து ஓரத்தில் வையுங்கள். பழைய வேட்டியில் சுற்றி வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் போட்டால் ஜரிகை முறியாது.